வயசுக்கு வந்தால் அடங்கிவிடுமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. நான் பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஏழு ஆகும். வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு சாயந்திரம் போய்விடுவார். மகள் ஆறாவது முடித்து ஏழாவது போகிறாள், பையன் இரண்டாவது. இவள் சின்னதிலிருந்தே அடிப்பாள், கடிப்பாள். யுகேஜியிலேயே மிஸ் கூப்பிட்டுச் சொன்னார்கள். இந்த வருஷம் கூடப் படிக்கிற பெண்ணை ஜாமெட்ரி பாக்ஸால் நெற்றியில் அடித்துத் தையல் போடும்படி ஆகிவிட்டது. டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் நாத்தனார் பையனைப் பிடித்துத் தள்ளினாள், இவர் பெல்ட்டை எடுத்துவிட்டார். மாமியார், “வயசுக்கு வந்தா தானா அடங்கிடுவா. அப்பவும் அடங்கலன்னா படிப்ப நிறுத்திட்டு பீடி சுத்த உக்கார வை, பதினாறு பதினேழுல ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துடு. பொட்டப் புள்ளைக்கு இன்னா இவ்ளோ ரோசம்?” என்கிறார். இவள் பெரியவளானால் என்ன ஆவாள் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.
— பெயர் வேண்டாம் (நீண்ட கடிதம், இங்கே சுருக்கித் தரப்பட்டுள்ளது)

பதில்:

அம்மா, உங்கள் மாமியார் சொன்னதில் பாதி நிஜம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பெண் பிள்ளைகள் பெரியவளானதும் கை நீட்டுவது பெரும்பாலும் குறையும். அதைக் கண்ணால் பார்த்துத்தான் பெரியவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் கை அடங்கியதைப் பார்த்துவிட்டுக் கோபமும் அடங்கியது என்று கணக்கை முடித்துவிடுகிறோம். மனிதப் பிள்ளை வாழ்நாளிலேயே அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் இரண்டு மூன்று வயதில்தான் என்று கனடாவின் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே போன்ற ஆராய்ச்சியாளர்கள் பிள்ளைகளை வருஷக்கணக்கில் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் பேசக் கற்றுக்கொள்ளும், காத்திருக்கக் கற்றுக்கொள்ளும், பள்ளிக்கூடம் சேர்வதற்குள் அநேகமாக விட்டுவிடும். பெண் பிள்ளைகள் பையன்களைவிட வேகமாக விட்டுவிடுவார்கள். ஆகவே யுகேஜியில் தொடங்கி ஆறாம் வகுப்பு வரை விடாத ஒரு பெண்ணை, வயசு வந்தால் சரியாகும் என்று விட்டுவைக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் ஜாமெட்ரி பாக்ஸைவிட என்னை நிறுத்தியது அந்த யுகேஜி வரிதான்.

இப்படிப்பட்ட பெண்கள் பெரியவர்களானால் என்ன ஆகிறார்கள் என்று கேட்டீர்கள். இதற்குப் பதில் சொல்ல ஜோசியம் வேண்டாம். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் இருக்கிறார்கள்.

கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் 1976ல் தொடங்கிய ஓர் ஆய்வு. வசதி குறைந்த பேட்டைகளின் பள்ளிகளில் ஒன்றாவது, நாலாவது, ஏழாவது படித்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். யார் சண்டைக்காரி, யார் யாரோடும் சேராமல் ஒதுங்கியே இருக்கிறாள் என்று கூடப் படிக்கிற பிள்ளைகளிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். (வாத்தியாருக்குத் தெரியாதது பக்கத்து பெஞ்சுக்குத் தெரியும்.) பிறகு அதில் ஒரு பகுதிப் பேரை அவர்கள் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். அந்த ஆய்வில் லிசா செர்பினும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதியதன் சாரம் இது: சண்டைக்காரப் பெண்கள் அதிகமாகப் பாதியில் படிப்பை விட்டார்கள், சின்ன வயதிலேயே தாயானார்கள். பின்னால் தங்கள் குழந்தைகளோடு பழகும்போது பொறுமை குறைந்தவர்களாக இருந்தார்கள். அந்தக் குழந்தைகள் அடிபட்டும் உடம்பு முடியாமலும் அவசர சிகிச்சைக்கு வந்ததுகூட மற்றவர்களைவிட அதிகம். சண்டைக்காரியாகவும் ஒதுங்கியவளாகவும் இரண்டுமாக இருந்தவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம்.

நியூசிலாந்தில் டுனிடின் என்று ஓர் ஊர். அங்கே 1972-73ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைச் சிறு வயதிலிருந்து இன்றுவரை விடாமல் பார்த்துவருகிறார்கள். சிறு வயதிலேயே தொடங்கி ஆயுசுக்கும் நீடிக்கிற முரட்டுத்தனம் அங்கே ஏறத்தாழ பத்து ஆணுக்கு ஒரு பெண் என்ற கணக்கில்தான் இருந்தது. இது உங்களுக்கு ஆறுதல். ஆனால் பதினைந்து வயதில் கடுமையான நடத்தைப் பிரச்சினை இருந்த பெண்களை இருபத்தொன்றில் பார்த்தபோது, உடம்பு ஆரோக்கியம் மோசமாக இருந்தது, பதற்றம் அதிகம், கர்ப்பம் சீக்கிரம். அடிக்கிற ஆணோடு வாழ்க்கையைச் சேர்த்துக்கொண்டவர்களும் அவர்களிடையே அதிகம். போலீஸ், கேஸ் என்று போனவர்கள் ஆண்களோடு ஒப்பிட்டால் குறைவுதான். அதனாலேயே பெண்ணின் முரட்டுத்தனம் ஊர்க் கண்ணுக்குப் படாமல், வீட்டுக்குள்ளேயே, அடுத்த தலைமுறை வரை போய்விடுகிறது.

இந்த இடத்தில் மாமியாரின் யோசனையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிப்பை நிறுத்து, பதினாறில் கட்டிக்கொடு. அந்த ஊர்களில் நஷ்டக் கணக்கில் எழுதிய அதே இரண்டையும் நாம் வைத்தியச் சீட்டில் எழுதுகிறோம். அங்கே அந்தப் பெண்கள் தடுமாறிப் போய் விழுந்த பள்ளத்தில், இங்கே நாமே கையைப் பிடித்துக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறோம். பதினெட்டு நிறையாமல் கல்யாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். கோபத்தை எப்படிக் கையாள்வது என்று தெரியாத பதினேழு வயசுப் பெண், முன்பின் தெரியாத வீட்டில், பதினெட்டில் கையில் ஒரு குழந்தையோடு ராத்திரி தூக்கம் இல்லாமல் உட்கார்ந்தால் அந்தக் குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்பது இன்னொரு பக்கம். மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் காலத்தில் அவருக்குக் கிடைத்த வைத்தியமும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

மான்ட்ரியல் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. அதே பேட்டை, அதே சண்டைக்காரப் பெண்கள்தான். அவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் பின்னாளில் தேறியிருந்தார்கள், பிள்ளை வளர்ப்பிலும் தேறியிருந்தார்கள். ஆகவே என்னிடம் ஒரே ஒரு காரியம் கேட்டால் இதைச் சொல்வேன்: எது எப்படிப் போனாலும் இவளைப் பன்னிரண்டாவது வரை பள்ளியில் வைத்திருங்கள். கோபம் குறைந்த பிறகு படிக்க அனுப்பலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

டி.சி. விஷயத்தில் பயப்படாதீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடிகிற வரை பள்ளி பிள்ளையை வெளியேற்ற முடியாது (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது). எழுதிக் கொடுங்கள் என்று காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காகத் தலைமையாசிரியரிடம் சட்டம் பேசிச் சண்டைக்கும் போகாதீர்கள், அவருக்கும் தையல் போட்ட பிள்ளையின் அப்பா வந்து கத்தியிருப்பார். முதலில் நீங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள், ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுங்கள். மகள் ஒரே ஒரு வரி சொன்னால் போதும், அழ வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்குப் பிறகு பள்ளிக்குப் போனால் பேச்சே வேறாக இருக்கும்.

அந்தப் பிள்ளை முன்பு இவளுடைய உயிர்த்தோழி என்றும், அரையாண்டுக்குப் பிறகு மூன்று பேர் சேர்ந்துகொண்டு இவளைச் சாப்பாட்டு வட்டத்தில் சேர்ப்பதில்லை, ‘ரவுடி’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். போகிறபோக்கில் விடுகிற விஷயம் இல்லை இது. கூட்டம் சேர்த்து ஒருத்தியை ஒதுக்குவது, பேசாமல் இருப்பது, புரளி கிளப்புவது எல்லாம் கை நீட்டாத அடி. அமெரிக்காவில் நிக்கி கிரிக் என்ற உளவியலாளர் 1995லேயே இதைத் தனியாக அளந்து காட்டினார். பெண் பிள்ளைகளுக்கு இந்த அடி அடிப்பதும் தெரியும், வாங்கினால் ரொம்பவும் வலிக்கும். டீச்சர் கண்ணுக்குப் படுவது நெற்றியில் வந்த ரத்தம் மட்டும். இதைச் சொல்லி உங்கள் மகள் செய்ததை நியாயப்படுத்த வரவில்லை. வகுப்பு டீச்சரிடம் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு ஓர் இடமும், எந்த வேலையாவது பொறுப்பாகக் கொடுக்கவும் கேட்டுப் பாருங்கள். சேர்மானம் கெட்டுப்போய் அவளைப்போலவே ஒதுக்கப்பட்ட நாலு பேரோடு சேர்ந்தால் எட்டாவது ஒன்பதாவதில் வேறு தலைவலி வரும்.

இனி வீடு. மூன்றாம் பக்கத்தில் ஒரு சாயந்திரத்தை அப்படியே எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் உதவிய பகுதி அது. வண்டியை விட்டு இறங்கி உள்ளே வருகிறீர்கள், தொட்டியில் பாத்திரம் அப்படியே கிடக்கிறது, இவள் போனும் கையுமாகப் பாயில். அடுப்பங்கரையிலிருந்து “போன வை” என்கிறீர்கள். “இரும்மா” என்கிறாள். இன்னும் இரண்டு தடவை. நாலாவது தடவை கத்துகிறீர்கள். அவள் தண்ணிக் குடத்தை ஓர் உதை உதைக்கிறாள், வீடெல்லாம் தண்ணீர், சின்னவன் அழுகிறான், மாமியார் சாபம் விடுகிறார். “எப்படியோ நாசமாப் போ” என்று நீங்கள் உள்ளே போய்விடுகிறீர்கள். போன் எங்கே? அவள் கையிலேயே.

அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டது: குடத்தை உதைத்தால் போன் மிஞ்சும். நீங்கள் கற்றுக்கொண்டது: விட்டுவிட்டால் வீடு அமைதியாகும். இரண்டு பேருக்கும் கைமேல் பலன். மறுநாள் இரண்டு பேருமே ஒரு படி மேலே இருந்து தொடங்குவீர்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீடு வீடாக ஆட்களை உட்காரவைத்து இதையேதான் நிமிஷத்துக்கு நிமிஷம் குறித்தார். பிள்ளையின் முரட்டுத்தனம் பெரிய சம்பவங்களில் வளர்வதைவிட இப்படிச் சில்லறையாகத்தான் அதிகம் வளர்கிறது என்பது அவர் கண்டது.

மாற்றவேண்டியதும் சில்லறைதான். போன் எத்தனை மணிவரை என்பதை எல்லாரும் சாந்தமாக இருக்கிற ஒரு நேரத்தில் பேசி முடிவு செய்யுங்கள். நேரம் ஆனதும் அடுப்பங்கரையிலிருந்து கத்தாமல், பக்கத்தில் போய், பேரைச் சொல்லி, ஒரே தடவை சொல்லுங்கள். வைத்தால் “சரி, நல்லது” என்று ஒரு வார்த்தை. வைக்காவிட்டால் மறுநாள் போன் கிடையாது, அவ்வளவுதான். பிரசங்கம் வேண்டாம், அவள் அப்பா வரட்டும் என்ற மிரட்டலும் வேண்டாம். குடத்தை உதைத்தால் அடங்கிய பிறகு அவளே துடைக்கவேண்டும். அதற்கு மறுநாள் கணக்கு புதிதாகத் தொடங்கவேண்டும், பழைய பாக்கி கிடையாது. ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன்: முதல் சில நாள் இன்னும் மோசமாகும். முன்பு ஓர் உதைக்குக் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்றால் இரண்டு உதை உதைத்துப் பார்ப்பாள். டாக்டர் சொன்னது பலிக்கவில்லை என்று எல்லாரும் கைவிடுவது அந்த வாரத்தில்தான்.

காலையில் கம்பெனி வண்டி வருவதற்கு முன்னால் நீங்கள்தானே அவளுக்குத் தலை பின்னுகிறீர்கள்? அந்த நேரத்தை அவளுக்கென்று விடுங்கள். முந்தின நாள் குற்றப்பத்திரிகை, ஹோம்வொர்க், தம்பி எதுவும் வேண்டாம். அவள் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் சும்மா பின்னுங்கள். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கிற ஒரு அம்மாவிடம் தினம் ஒரு மணி நேரம் பிள்ளையோடு விளையாடு என்று சொல்ல எனக்கு மனசு வராது. இந்தப் பத்து நிமிஷம் போதும், ஆனால் சண்டை போட்ட நாளுக்கு மறுநாளும் அது இருக்கவேண்டும்.

அவளுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வரி தள்ளி, லீவு நாளில் அவள் பாட்டியோடு முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து பீடி முனை மடக்குவாள், தம்பி சைக்கிள் எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கோபத்துக்கும் காரணம் இதுவே என்று சொல்லமாட்டேன், தம்பிக்கு ஏழு வயசுதான். ஆனால் தட்டை எடுத்துவைக்கவும் பாயைச் சுருட்டவும் ஏழு வயசுப் பையனுக்குத் தெரியும். நியாயக் கணக்கில் பிள்ளைகள் கில்லாடிகள்.

பெல்ட்டைப் பற்றி. உங்கள் வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். வாரம் முழுவதும் நடந்ததை எல்லாம் சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமை விசாரணை நடத்தி அடித்தால், செவ்வாய்க்கிழமை செய்ததற்கு அந்த அடி என்று பிள்ளைக்கு உறைக்காது. அப்பா வந்தால் அடி விழும் என்பது மட்டும் உறைக்கும். அடிவாங்கி வளரும் பிள்ளை அடிப்பது குறைவதில்லை, கூடுகிறது. பலம் உள்ளவன் பலம் இல்லாதவனை அடிக்கலாம் என்ற பாடத்தை அவர் பெல்ட்டால் எழுதுகிறார், அவள் அதை ஜாமெட்ரி பாக்ஸால் திருப்பி எழுதுகிறாள். தழும்பு விழ அடிப்பது பிள்ளைக்குச் செய்கிற கொடுமை, சட்டத்தின் கண்ணிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கு வேறு வேலை கொடுங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகட்டும், வழியில் புகார் எதையும் எடுக்காமல்.

இவ்வளவும் செய்வதோடு ஒரு முறை முறையான பரிசோதனையும் வேண்டும். முரட்டுத்தனத்துக்காகப் பையன்களைச் சீக்கிரம் கூட்டிவந்துவிடுகிறார்கள். பெண் என்றால் தாயத்து, தர்காவில் மந்திரித்த கயிறு எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் எங்களிடம் வருகிறார்கள். நான் பார்க்க விரும்புவது: கண், காது சரியாக இருக்கிறதா, ரத்தசோகை இருக்கிறதா (தமிழ்நாட்டில் பதினைந்து பத்தொன்பது வயசுப் பெண்களில் பாதிக்கு மேல் இருக்கிறது, அசதியில் இருக்கிற பிள்ளை சீக்கிரம் எரிந்துவிழும்), தூக்கம் எத்தனை மணி நேரம், ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவும் துறுதுறுப்பும் இருக்கிறதா. பெண்களிடம் இது பல சமயம் தவறிப்போகிறது. வாசிப்பில் சிரமம் இருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம், நாலாவது புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டித் திணறினால், தினம் ஆறு மணி நேரம் வகுப்பில் அவமானத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

தயங்காமல் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் மகளின் கோபம் பழையது. அது சமீபத்தில் திடீரென்று கூடியிருந்தால், குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டாலோ ஓர் இடத்துக்குப் போனாலோ கூடுகிறது என்றால், யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டார்களா என்று தலை பின்னும்போது மெதுவாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அவளைத் திட்டாமல், பிள்ளைகளுக்கான உதவி எண் 1098க்குப் பேசுங்கள். “செத்துப்போறேன்” என்று சொன்னால் நடிப்பு என்று விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கோபத்துக்கு மாத்திரை உண்டா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கோபத்துக்கென்று கிடையாது. ஏ.டி.எச்.டி. இருந்தால் அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. மிக முற்றிப்போன சிலருக்குச் சில காலம் மருந்து கொடுப்போம். உங்கள் மகளுக்கு அது தேவைப்படும் என்று கடிதத்தை வைத்துச் சொல்லமாட்டேன்.

உங்களுக்குப் பக்கம் என்றால் வேலூரை ஒட்டிய அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, செலவில்லை. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது; சேர்க்கவேண்டி வந்தால் வீட்டு ஆட்களும் கூடவே தங்கித்தான் ஆகவேண்டும், அங்கே வெகுகாலமாக அதுதான் வழக்கம். எங்கே போனாலும் ஆறாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டையும் நோட்டுப் புத்தகங்களையும் எடுத்துப்போங்கள். முதல் தடவையே மாமியாரையும் கூட்டிப்போங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத பன்னிரண்டு மணி நேரமும் அவளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்; டாக்டர் நேரில் சொன்னால் கேட்டுக்கொள்வார், நீங்கள் வந்து சொன்னால் கேட்கமாட்டார்.